வந்தது, நினைத்தது

எங்கள் வீட்டுக் குக்கர் விசிலடிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ராணுவக்காரரின் ஞாபகம் வரும். பருப்பு வேகிற சத்தத்தில் பட்டாளத்தை நினைத்துக்கொள்கிற பெண்பிள்ளை புனேயில் எங்கள் பாணேர் முழுக்கத் தேடினாலும் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். முதல் விசிலுக்கு நினைவு வரும். இரண்டாவது விசிலுக்கு முகம் சுடும். மூன்றாவது வருவதற்குள் அடுப்பை அணைத்துவிட்டு வேறு அறைக்குப் போய்விடுவேன். பருப்பு அரைவேக்காடாக இருக்கிறது என்று வீட்டில் புகார்.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்கிற அருகதை எனக்கு இல்லை. அலுவலகத்தில் எல்லோரும் ‘சாப்’ என்றுதான் கூப்பிட்டார்கள். வாசல் காவலாளியும் பழைய பட்டாளத்து ஆள். இவரைக் கண்டதும் எழுந்து, “ராம் ராம் சாப்” என்று நெஞ்சை நிமிர்த்துவார். நான் மட்டும் சார் என்பேன். கோயம்புத்தூர்க்காரி வாயில் சாப் வரவில்லை.

ராணுவத்தின் சிக்னல் பிரிவில் நாயிப் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பதைத் தாண்டியிருந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், ஆனால் அலுவலகத்தில் எனக்குக் கீழே. வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். அவருடைய அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கென்று இதே புனேயின் கட்கிக்கு வந்தவர். இவர் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் கட்கிதான். அதனால் தமிழ் பேச வரும், படிக்க வராது. கட்கித் தமிழர்களில் இது சகஜம். கடைப் பலகைகூட இந்தியில் இருந்தால்தான் அவருக்கு நிம்மதி.

நான் வேலை பார்ப்பது கையேடு எழுதும் கம்பெனியில். வாஷிங் மெஷின், ஸ்கேன் மெஷின், லிஃப்ட் என்று எதை வாங்கினாலும் கூடவே வந்து பிரிக்கப்படாமலேயே அலமாரிக்குள் போகும் புத்தகம் இருக்கிறதே, அதை எழுதுகிறவர்கள் நாங்கள். யாரும் படிக்காததை எழுதி எழுதி எங்களுக்கே ஒரு திமிர் வந்திருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு பாதுகாப்புப் பயிற்சி நிலையத்துக்காக மின்னணுப் போர்ச் சொற்களுக்கு எளிய ஆங்கில விளக்க அகராதி தயாரிக்கும் வேலை வந்தது. சொல்லின் பொருள், அதை எங்கே பயன்படுத்த வேண்டும், எங்கே பயன்படுத்தக் கூடாது, இவ்வளவுதான். எழுத விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டுமென்று அவரை எடுத்தார்கள். அவர் எழுதுவதைத் திருத்தி ஒழுங்குபடுத்துவது என் பொறுப்பு. குழுத் தலைவி என்று எனக்குப் பட்டம் வேறு.

முதல் நாளே சிரித்துவிட்டேன். நனைந்த செருப்போடு வந்து நின்றவரிடம், “வெளிய மழைங்களா சார்?” என்று கேட்டேன்.

“படிக்கட்டுல தண்ணி கீது மேடம். எனக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரு கையில குடை கீது. மழை பெஞ்சு விட்டிருக்கும்னு நெனக்கிறேன்.”

“நீங்க நனையலீங்களா?”

“நான் வந்தப்ப தூறல் இல்ல. அதனால நெனக்கிறேன்னு சொல்றேன்.”

கிண்டல் செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. மனிதர் அப்படித்தான். எதைக் கேட்டாலும் கையில் வந்ததைத் தனியாகவும், அதை வைத்துத் தான் நினைப்பதைத் தனியாகவும் சொல்வார். நடுவில் ஒரு சிறிய இடைவெளி விடுவார், எச்சில் விழுங்குகிற நேரம். அந்த இடைவெளியை நாங்கள் ஆபீஸ் முழுக்க நடித்துக் காட்டிச் சிரித்தோம். நான்தான் நன்றாக நடிப்பேன்.

எங்கள் மாடியில் ஒரு பையனும் பெண்ணும் சேர்ந்து சுற்றுகிறார்கள் என்று பேச்சு. சாப்பாட்டு மேசையில் அதுதான் தொட்டுக்கொள்ள. சாப் என்ன சொல்கிறார் என்று வேண்டுமென்றே கேட்டோம். டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: “திங்கக்கிழம ஒரே லிஃப்ட்ல வந்தாங்க. புதன்கிழம அந்தப் பொண்ணு மட்டும் படியில போச்சு. அவ்ளோதான் எனக்கு வந்தது.”

“நீங்க என்ன நெனக்கிறீங்க சார்?”

“புதன்கிழம லிஃப்ட் ரிப்பேர்னு நெனக்கிறேன்.”

மேசையே அதிர்ந்தது. அவரும் கொஞ்சம் சிரித்தார். அன்றைக்கு லிஃப்ட் உண்மையிலேயே ரிப்பேர்.

அவரிடம் ஒரு நீளமான ரெஜிஸ்டர் இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. இடது பக்கம் ‘வந்தது’. வலது பக்கம் ‘நினைத்தது’. இந்தியிலும் ஆங்கிலப் பெரிய எழுத்திலுமாக எழுதுவார், நான் தமிழில் சொல்கிறேன். அகராதி வேலைக்கான குறிப்பேடுதான், ஆனால் பழக்கதோஷத்தில் எல்லாமே அதில் ஏறிவிடும். இடது பக்கம்: பிரிண்டர் இரண்டு முறை கத்தி நின்றது. வலது பக்கம்: காகிதம் சிக்கியிருக்கலாம். இடது பக்கம்: காப்பிப் பொடி டப்பா இடம் மாறியிருக்கிறது. வலது பக்கம்: மேடம் சீக்கிரம் வந்திருக்கலாம். வலது பக்கத்தில் ‘லாம்’ இல்லாமல் ஒரு வரிகூட முடியாது. கோட்டைத் தாண்டி எழுதினால் அந்தக் காலத்தில் தண்டனை உண்டா என்று கேட்டேன்.

“தண்டனை இல்ல மேடம். ஆனா மேல இருக்கறவரு ரெண்டையும் ஒண்ணா படிச்சிட்டா, எங்கியோ ஒருத்தன் சும்மாவே செத்துப் போவான்.”

அதை அவர் சொன்ன தோரணையில் கனம் எதுவும் இல்லை. உடனே டீ வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார். நானும் மறந்துவிட்டேன்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். எலின்ட். ராணுவத்தில் எதிரி பேசுவதை ஒட்டுக்கேட்பது ஒரு வேலை. அது இல்லை இது. இது பேச்சே இல்லாத அலைகளைப் பிடிப்பது. முக்கியமாக ராடார்கள் விடுகிற அலை. அதில் வார்த்தை கிடையாது, குரல் கிடையாது. துடிப்பு மட்டும் வரும். அந்தத் துடிப்பை வைத்து இது இன்ன வகைக் கருவி, இந்தத் திசையில் இருக்கிறது, இத்தனை மணிக்கு இயங்கியது, இத்தனை மணிக்கு அடங்கியது என்று கண்டுபிடிக்க வேண்டும். அவர் இருபது வருஷத்துக்கு மேல் காதில் மாட்டிக்கொண்டிருந்தது இதைத்தான்.

எனக்குப் புரியவில்லை என்றதும் பான்ட்ரி பக்கம் கையைக் காட்டினார். அங்கே பிஸ்கட்டைத் தவிர ஒன்றுமில்லை.

“குக்கர் வெச்சுக்கோங்க மேடம். பக்கத்து வூட்ல விசில் வருது. மூணு விசில். இன்னா தெரியும்? குக்கர் கீதுன்னு தெரியும். எந்த வூடுன்னு தெரியும். டெய்லி கேட்டா, எந்தக் கம்பெனி குக்கர்னுகூட சொல்லிடலாம். உள்ள பருப்பா, உருளக்கெழங்கான்னு விசிலு சொல்லாது.”

“மூணு விசில்னா பருப்புதானுங்க சார்.”

“பருப்புன்னு நெனக்கிறேன்னு சொல்லுங்க, அது வேல. பருப்புன்னே சொன்னீங்கன்னா, அது பொய்.”

இந்த ஒரு சொல்லுக்கான விளக்கத்தோடு நாங்கள் நான்கு வாரம் மல்லுக்கட்டினோம். புராஜெக்ட் தலைவர் புனேக்காரர், சுறுசுறுப்பான மனிதர், எதையும் பளிச்சென்று எழுத வேண்டும் என்பவர். எதிரியின் எண்ணத்தை அலைகளின் வழியே படித்தல் என்று வைத்துக்கொள்ளலாமே, கேட்க நன்றாக இருக்கிறதே என்றார். சாப் அவசரப்படாமல் தலையை ஆட்டினார். எண்ணம் அலையில் வராது சார் என்றார் இந்தியில். விளக்கத்தின் முடிவில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார்: ‘கருவியை இயக்குபவரின் எண்ணம் இதில் அடங்காது.’ தலைவர் அதை அடித்தார். இவர் மறுபடி சேர்த்தார். ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் புதிய வரைவு ஏற்றுவோம். அந்த வரி வரும், போகும். ஒரு சொல் என்ன சொல்கிறது என்பதைவிட என்ன சொல்லவில்லை என்பதை எழுதாவிட்டால் அது அகராதி இல்லை என்றார் ஒருமுறை. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். ஏழாவது வரைவில் அந்த வாக்கியத்தோடு முடித்து என்னிடம் கொடுத்தார். தலைவர் பார்க்கும் முன் மொழியைத் திருத்தி வைக்கும்படி கேட்டார். அதாவது அந்த ஏழாவது வரைவு அவரிடமும் என்னிடமும் மட்டும்தான் இருந்தது.

அவர் சர்வீஸ் கதைகள் சொல்லுகிறவர் இல்லை. ஒன்றே ஒன்று சொன்னார். வடக்கே எங்கோ மலை முகாம். தினமும் வரும் ஒரு ராடார் ஒரு நாள் திடீரென்று அடங்கிவிட்டது. சண்டைக்குத் தயாராகிறான், அதனால்தான் மூடிக்கொண்டான் என்று எழுதச் சொன்னாராம் மேலே இருந்தவர். இவர் ‘அடங்கியது’ என்று மட்டும் எழுதினாராம். மிரட்டியும் வலது பக்கத்தைத் தொடவில்லையாம்.

“அப்பறம் என்னாச்சுங்க?”

“மூணு நாள் கழிச்சுத் திரும்ப வந்துச்சு. அதே ராடார்தான், கொஞ்சம் திக்கித் திக்கி. ஜெனரேட்டர் ரிப்பேரா இருந்திருக்கும்னு நெனக்கிறேன்.” எச்சில் விழுங்கும் இடைவெளி. “நெனக்கிறேன், அவ்ளோதான்.”

எத்தனையோ வருஷம் கழிந்தும் அந்த ஜெனரேட்டரை அவர் இடது பக்கத்துக்கு மாற்றவில்லை. இப்படி ஒரு ஆளை எனக்கு அருகில் உட்கார வைத்திருந்தார் கடவுள். நான் என்ன கற்றுக்கொண்டேன் என்று கேட்காதீர்கள்.

எங்கள் புராஜெக்டில் வாசலிலேயே போனைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். எத்தனை போன் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். இந்தச் சமயத்தில் ஒரு நாள் பான்ட்ரி ஜன்னலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். கீழே பார்க்கிங்கில் சாப் தன் ஸ்கூட்டரின் டிக்கியைத் திறந்து ஒரு பட்டன் போனை எடுத்தார். காதில் வைக்கவில்லை. பேசவில்லை. வெறுமனே அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து ஏதோ குறித்தார், போனை உள்ளே வைத்தார், மேலே வந்துவிட்டார். மணி பதினொன்று நாற்பது. மறுநாளும் அதே நேரம். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் அதிக நேரம் நின்றார்.

அப்போது எனக்கு அது ஒரு வேடிக்கை, எட்டு நாள் நேரத்தைக்கூடக் குறித்து வைத்தேன். இரண்டு வாரம் கழித்துத்தான் விஷமாக மாறியது. எங்களோடு போட்டி போடும் ஒரு கம்பெனி தன் மாதிரிப் பக்கங்களைப் பயிற்சி நிலையத்துக்குக் கொடுத்திருந்தது. அதில் எலின்ட் விளக்கம் வரிக்கு வரி எங்கள் ஏழாவது வரைவு. கடைசி வாக்கியத்தோடு. இயக்குபவரின் எண்ணம் இதில் அடங்காது.

தலைவர் என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ஏழாவது வரைவு யார் யாரிடம் இருந்தது? இரண்டு பேர். நான் வெளியே கொடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்தேன். அப்படியென்றால் மிச்சம் ஒருவர்தானே?

எட்டு நாட்களின் நேரத்தைக் குறித்து மெயில் எழுதினேன். மொழி என் தொழில் அல்லவா, நன்றாகவே எழுதினேன். இவர் தினமும் பதினொன்று நாற்பதுக்கு, அறிவிக்காமல் வைத்திருக்கும் ஒரு போன் மூலம் வெளியாள் ஒருவருடன் தொடர்புகொள்கிறார், புதிய வரைவு ஏறும் நாட்களில் அதிக நேரம் தொடர்புகொள்கிறார் என்று எழுதினேன். நான் பார்த்தது ஒரு மனிதர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றதை. எழுதியது வெளியாளை. ‘நினைக்கிறேன்’ என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாம். சேர்த்தால் மெயில் பலவீனமாகத் தெரியும் என்று ஒருமுறை யோசித்து, விட்டுவிட்டேன். யோசித்தே விட்டேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

கண்ணாடி அறையில் தலைவர், மனிதவள அதிகாரியான ஒரு பெண், நான், அவர். என் மெயிலை உரக்கப் படித்தார்கள். நான் என் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, நேரங்களை மட்டும் இன்னொரு தடவை படியுங்கள் என்றார் சாப். படித்தார்கள். விரல்விட்டு எண்ணினார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

“எட்டும் சரி மேடம். ஒரு நிமிஷம் முன்ன பின்ன இல்ல. நல்லா கவனிச்சிருக்கீங்க. நடுக்கோடு மட்டும் போடாம வுட்டுட்டீங்க.”

கோபம் இல்லை, குத்தல் இல்லை. கூட வேலை பார்க்கிறவளின் வேலையைப் பார்த்துச் சொல்லும் குரல். அவர் திட்டியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், தப்பித்திருப்பேன்.

போனைக் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுவந்தார். ஒரே எண்ணிலிருந்து வரிசையாக மிஸ்டு கால்கள். ஒன்றையும் அவர் எடுத்துப் பேசவில்லை. இது ஏதோ சங்கேதம் போல இருக்கிறதே என்றார் அந்த அதிகாரி. வேறு யாராயிருந்தாலும் இல்லவே இல்லை என்று அலறியிருப்பார்கள். இவர், “ஆமா, சங்கேதம்தான்” என்றார். யாருடைய எண் என்று கேட்டார்கள். வீடு என்றார். என்ன சங்கேதம் என்றார்கள். அது என் வீட்டுக்காரியின் விஷயம், அவளைக் கேட்காமல் சொல்ல மாட்டேன் என்றார். போனைச் சொல்லாமல் வைத்திருந்தது என் தப்பு, அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள் என்றும் சொன்னார்.

அதையே பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கே நீக்கம். பொருட்களை ஒப்படைக்கப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் அவர் தன் மேசையில் உட்கார்ந்து ரெஜிஸ்டரில் ஏதோ எழுதினார். எழுதி, அலமாரிக்குள் வைத்து, சாவியை என் மேசையில் வைத்தார். வாசலில் காவலாளி எழுந்து ராம் ராம் சாப் என்றது என் இருக்கை வரை கேட்டது. அன்றைக்கு மத்தியானம் எனக்கு நல்ல பசி. இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

தீபாவளி லீவில் அட்டை ஓவியம் பற்றிய ஒரு பழைய மெயிலைத் தேடிக்கொண்டிருந்தேன். வீட்டில் உட்கார்ந்து வேலையை முடிக்கலாமென்று ஏழாவது வரைவை என் சொந்த மெயிலுக்கு அனுப்பியிருந்தேன், அது ஞாபகம் இருந்தது. அதே சனிக்கிழமை, வெளியே இருந்து எங்களுக்கு அட்டை போட்டுத்தரும் ஓவியருக்கு மாதிரி அட்டையை அனுப்பினேன், அதுவும் ஞாபகம் இருந்தது. திறந்து பார்த்தால், அட்டை இல்லை. முழு வரைவையும் இணைத்து அனுப்பியிருக்கிறேன். அந்த ஓவியர் நாலு கம்பெனிக்கு வேலை செய்பவர். போட்டிக் கம்பெனிக்கும்தான்.

வெளியே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த மெயிலை அழித்தேன். பிறகு குப்பைத் தொட்டிக்குள் போய் அங்கிருந்தும் அழித்தேன். கை கழுவிவிட்டு முறுக்குப் பிழிந்தேன்.

அகராதி வெளியானது. எனக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். எலின்ட் விளக்கத்தில் அந்தக் கடைசி வாக்கியம் இல்லை. நீக்கியது தலைவர். நீக்கட்டுமா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் நீக்கினார்.

மாசியில் அலமாரிகளைக் காலி செய்தபோது ரெஜிஸ்டர் என்னிடம் வந்தது. கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். இடது பக்கம் அவருடைய கட்டை எழுத்து: ‘மேடம் எழுதிய மெயில் படிக்கப்பட்டது. நேரங்கள் எட்டும் சரி.’ வலது பக்கம் காலி. முந்தைய பக்கங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். பிரிண்டருக்கும் காப்பிப் பொடிக்கும்கூட ஏதோ ஒரு ‘லாம்’ இருந்தது. எனக்கு மட்டும் ஒன்றுமில்லை.

அந்த ரெஜிஸ்டரைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்கிக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். பஸ்ஸில் வாக்கியங்களை மனப்பாடம் செய்தேன்.

ஸ்டேஷனுக்குப் பின்பக்கத் தெரு. கதவைத் திறந்துவிட்டது பக்கத்து வீட்டு அம்மா. “பைட்டுங்கம்மா, உக்காருங்க. அவுரு சப்ஜி வாங்கப் போய்க்கீறாரு” என்றார். நாற்காலியில் ஒரு பெண்மணி. வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. இடது கையில் ஒரு பட்டன் போன். என்னைப் பார்த்ததும் அவர் கண் என் முகத்திலிருந்து என் கையிலிருந்த ரெஜிஸ்டருக்குப் போனது. கட்டைவிரல் ஒரு பித்தானை அழுத்தியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அழுத்தியது.

“அவங்களால பேச முடியாதும்மா” என்றார் பக்கத்து வீட்டு அம்மா. “ரெண்டு வருஷம் ஆச்சு, பக்கவாதம். சார்கூட பேசறதுக்கு இதான். காலையில மருந்து சாப்ட்டு முடிச்சா ஒரு ரிங் வுடுவாங்க. ஒரு ரிங்னா நல்லா கீறேன். ரெண்டு ரிங்னா உடனே வா. செவ்வா, வெள்ளி பயிற்சி குடுக்கற ஆள் வருது, அன்னிக்கு லேட் ஆவும். பாவம், அவுரு ஆபீஸ்ல காத்துக்கினு நிப்பாரு. ஊமையாயிட்டாங்கன்னு யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு இவங்க அழுதுட்டாங்க, அதனால வெளிய சொல்றதில்ல.”

ஏழெட்டு நிமிஷத்தில் அவர் வந்துவிட்டார், ஓடி வந்திருந்தார். பையிலிருந்து கீரை பாதி வெளியே தொங்கியது. நேராக மனைவியிடம் போய்க் கையைத் தொட்டுப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். மனைவி தலையை என் பக்கம் அசைத்தார். அப்புறம்தான் சாப் என்னைப் பார்த்தார்.

“அரே, மேடமா! வாங்க வாங்க.” மூச்சு வாங்கியது. “ரெண்டு ரிங் வந்துச்சு. பயந்துட்டேன்.”

இரண்டாம் முறையாக அந்த வீட்டுக்கு ஆபத்தாக வந்து சேர்ந்திருந்தேன்.

டீ போட்டார். ரெஜிஸ்டரைக் கொடுத்தேன். அகராதி வந்துவிட்டதா என்று கேட்டார். “வந்துடுச்சுங்க சார்.”

“அந்தக் கடைசி வரி?”

“எடுத்துட்டாங்க.”

வேலையை விட்டு நீக்கியபோது மாறாத முகம் இப்போது மாறியது. “அது இல்லாம அர்த்தம் முழுசு ஆவாதே மேடம்” என்றார்.

வேறு வேலை ஏதாவது கிடைத்ததா என்று கேட்டேன். இரண்டு இடம் கூப்பிட்டதாம். “ஃபார்ம்ல ஒரு கேள்வி கீது மேடம். முன்ன வேல பாத்த எடத்துல நீக்கினாங்களான்னு. ஆமான்னு எழுதறேன். அப்பறம் கூப்புடறதில்ல. வந்தத எழுதித்தானே ஆவணும்.”

நான் தலைவருக்கு ஒரு பக்கம் எழுதினால் போதும். அந்தக் கேள்விக்கு இவர் இல்லை என்று எழுதலாம். ஒரே பக்கம். மொழி என் தொழில்.

“சார்,” என்றேன். “கடைசிப் பக்கத்துல, வலது பக்கம் ஒண்ணுமே எழுதலீங்களே.”

“இன்னா எழுதறது? நீங்க மெயில் எழுதினது வந்துச்சு. ஏன் எழுதினீங்கன்னு எனக்கு வரல.” எச்சில் விழுங்கும் இடைவெளி. “வந்தா எழுதலாம்.”

பேனா அவர் சட்டைப் பையில் இருந்தது. அவர் என்னைப் பார்த்தபடி காத்திருந்தார். அவர் மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தார், பேச முடியாத அந்த முகத்தில் கண் மட்டும் என்னை விடவில்லை. பேச வாய் இருந்த ஒருத்தி அந்த அறையில் நான்தான். பஸ்ஸில் மனப்பாடம் செய்த முதல் வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“டீ நல்லா இருக்குங்க சார்” என்றேன்.

அவர் ரெஜிஸ்டரை மூடி ஜன்னல் மேடையில் வைத்தார். தெருமுனை வரை கூடவே வந்தார். பாணேர் பஸ் எது என்று காட்டினார். ஏறும்போது, நம் ஊரில் எல்லோரும் சொல்கிற மாதிரிதான், “வூட்டுக்குப் போனதும் ஒரு மிஸ்டு கால் குடுங்க மேடம்” என்றார்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். அவருக்குத் தமிழ் படிக்க வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். தலைவருக்கும் வராது. ஆங்கிலத்தில் எழுத வேண்டிய அந்த ஒரு பக்கத்தை நான் இன்னும் எழுதவில்லை. என் வெட்கத்தின் அளவு அவ்வளவுதான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினேன். கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் பார்க்கிங்கில் நின்ற மாதிரியே நின்றிருப்பேன். இரண்டு ரிங் விட்டிருந்தால் என்னவென்று அவர் கேட்டிருப்பார். நான் சொல்லியிருப்பேன். ஒரு ரிங் விட்டு வெட்டினேன்.

இடது பக்கத்தில், மேடத்திடமிருந்து ஒரு ரிங் வந்தது என்று எழுதியிருப்பார். நான் நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதியிருக்க மாட்டார்.